விசில் ஊதாமல் ஆளை மாற்றினார்கள்

வெள்ளவத்தை, கொழும்பு
3.5.1998

அன்பின் மூஞ்சூறுக்கு,

நீ அங்கே போன நாளிலிருந்து குளிர், சாப்பாடு, பக்கத்து அறைக்காரியின் தலையெண்ணெய் மணம் என்று முறைப்பாட்டைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. அதனால் நீ நல்ல சுகம் என்று விளங்குகிறது. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மாவுக்கு அப்பாவால் தலைவலி. எனக்கு ஒன்றுமில்லை.

ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பெயர் ஜனார்த்தன். முன்பு கனடாவில் இருந்தவர்களாம். இப்போது உன் ஆக்லாந்தில் மாசி என்ற இடத்தில் தாயும் மகனுமாக இருக்கிறார்கள். அவருக்குக் கொம்பியூட்டர் வேலை. சாத்திரியார் சாதகத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பொருத்தத்தை விட்டால் பிறகு என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். முப்பத்தொரு வயதுக்காரிக்கு இனி யார் வரப்போகிறார்கள் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அம்மா உன்னிடம் கேட்பது, ஒருமுறை போய் ஆளைப் பார்த்து எழுது என்று. குடி, சிகரெட், வேறு தொடுப்பு, இதெல்லாம் அம்மாவின் கேள்விகள். என் கேள்வி ஒன்றுதான். கோபம் வந்தால் அவர் என்ன செய்வார் என்று பார். எனக்கு அவசரமில்லை. ஆனால் கெதியாக, அடுத்த தபாலிலேயே எழுது.

நேற்றும் ஆமிக்காரர் காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். வீட்டுக்கு வர இருட்டிவிட்டது.

மூக்கைச் சுளிக்காமல் சாப்பிடு.
உன் அக்கா, வித்தியா


மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து
24.5.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மூஞ்சூறு உயிரோடு இருக்கிறது. அப்பாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசச் சொல்லுங்கள். அம்மாவின் தலைவலிக்கு மருந்து இல்லை.

இந்த மரவீட்டில் சுவருக்குள்ளாலும் காற்று வருகிறது. குளியலறைக் கம்பளத்தில் பூஞ்சணம். ஈரத்தில் கம்பளம் விரிக்கிற நாட்டை இப்போதுதான் பார்க்கிறேன், சீ! பக்கத்து அறை லக்ஷ்மிப்ரியா கோயம்புத்தூர்க்காரி. நல்லவள்தான், அந்த எண்ணெயை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் கடிதம் கண்டதும் அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். தாய்க்காரி இராசமலர் அன்ரி பேச்சில் சீனிப்பாகு. நான் என்ன படிக்கிறேன், எத்தனை வருட விசா, சமைப்பேனா என்று எல்லாம் கேட்டா. உங்களைப் பற்றிக் கேட்டது குறைவு. அதுதான் சாதகமும் படமும் அவவிடம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மகனைப் பார்க்க நல்ல இடம் ஐஸ் ஹொக்கி மைதானம்தானாம். கனடாவில் பழகியதை இங்கேயும் விடவில்லை, ஒரு கழகத்துக்கு விளையாடுகிறாராம். “வீட்டில எல்லாரும் நல்ல பிள்ளையள்தான். விளையாட்டில வந்து பாருமன்” என்றா. எனக்கும் அது சரியாகப் பட்டது. அடுத்த மாதம் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறா.

கோபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பார்த்து எழுதுகிறேன்.
தங்கை, சிவானி


வெள்ளவத்தை
10.6.1998

அன்பின் மூஞ்சூறுக்கு,

அப்பாவின் முழங்கால் மணக்கிறது. வலி குறைந்ததா என்று கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைக்கிறார்.

ஐஸ் ஹொக்கி என்றால் என்ன என்று வங்கியில் கூட வேலை செய்கிற வசந்தமலரைக் கேட்டேன். பனிக்கட்டியில் சறுக்கிக்கொண்டு விளையாடுவார்களாம். விழமாட்டார்களா? நீ இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு போ.

பொதுநூலகத்தில் நியூசிலாந்து வரைபடம் பார்த்தேன், சும்மாதான். மாசியைக் காணவில்லை, சின்ன இடமாக இருக்கும். அங்கே ஆடி மாதம்தான் கடுங்குளிர் என்று போட்டிருந்தது, எங்களுக்குத் தலைகீழ்.

அவர் சிரித்தால் எப்படி இருக்கிறது என்றும் பார்த்து எழுது. படத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்.
அக்கா


மவுண்ட் ஆல்பர்ட்
29.6.1998

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை, தடிமன் இல்லை. ஆனால் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. நேற்றுப் பார்த்தது இன்னும் தொண்டைக்குள் நிற்கிறது.

அன்ரி காரில் வந்து ஏற்றிக்கொண்டு போனா. பட்டுச்சேலைக்கு மேல் மகனுடைய பெரிய குளிர்ச்சட்டை, மடியில் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ். அரங்கம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், தகரக் கொட்டகைதான். உள்ளே கால் வைத்ததும் மணம் வந்து மூக்கில் அடித்தது. ஈரச் சப்பாத்து, ஊறிய வியர்வை, பழைய எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, எல்லாம் குளிருக்குள் அசையாமல் நிற்கிற மணம். எங்கள் உணவு விஞ்ஞான ஆய்வுகூடத்தில் பழுதான பாலை மணந்து குறிப்பெழுத விடுவார்கள். அதற்குப் பொத்தாத மூக்கை இங்கே பொத்தினேன்.

நடுவில் பனிக்கட்டித் தரை. சுற்றிவர நெஞ்சளவு பலகைச் சுவர், அதற்கு மேல் கண்ணாடி. விளையாடுகிறவர்கள் காலில் கத்திச் சப்பாத்து, கையில் வளைந்த தடி. பந்து இல்லை, கறுப்பு றப்பர்த் தட்டு ஒன்றை அடித்துத் துரத்துகிறார்கள். ஆளை ஆள் இடிப்பதும் விளையாட்டில் சேர்த்திதானாம்.

இன்னொரு விசித்திரம். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் சுவரேறி வெளியே வருகிறான், அவன் இடத்துக்கு இன்னொருவன் சுவர் தாண்டிக் குதிக்கிறான். யாரும் விசில் ஊதுவதில்லை, ஆட்டமும் நிற்பதில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அன்ரி என் தொடையில் தட்டி விளக்கம் சொன்னா.

“களைச்சவனை ஏன் பிள்ளை வச்சிருக்க வேணும்? புதுசா ஒண்டை இறக்க வேண்டியதுதான். ஆட்டம் நிக்கக் கூடாது.”

ஜனார்த்தன் நன்றாகச் சறுக்குகிறார். உயரம், படத்தில் இருப்பதைவிட வடிவு. சரி, பரவாயில்லையே என்று உங்களுக்காகச் சந்தோஷப்பட்டேன் அக்கா, பொய் சொல்லவில்லை.

பிறகுதான் அது நடந்தது. மற்றப் பக்கத்துப் பொடியன் ஒருவன், மெலிந்தவன், எங்களுக்கு முன்னால் சுவரோரம் குனிந்து தட்டைத் தடியால் தோண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு முதுகில் கண் இல்லை. ஜனார்த்தன் தூரத்திலிருந்து வேகம் எடுத்து வந்து, பின்னாலிருந்து அவனை இடித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் முகம், அந்தப் பக்கம் அவனுடைய வாய். உதடு நசிந்து பல் தெரிந்தது. அப்படியே வழுகிக் கீழே போனான். எச்சிலும் இரத்தமும் கண்ணாடியில் கோடாக இழுபட்டு நின்றன. எனக்கு ஓங்காளம் வந்தது.

சனம் எழும்பிக் காலால் பலகையை உதைத்துக் கூவியது. சின்னப் பிள்ளைகள் கண்ணாடிக்குக் கிட்ட ஓடிவந்து இரத்தத்தை விரலால் காட்டிச் சிரித்தார்கள். அன்ரி எழும்பி “என்ர பிள்ளை!” என்று கைதட்டினா, கையில் பாதி ரோல்ஸ். மற்றப் பாதி வாயில். ஒருவன் மண்வாரியோடு வந்து சிவந்த பனியைச் சுரண்டி அள்ளி வாளியில் போட்டான். பொடியனைத் தோளில் தாங்கிக் கொண்டுபோனார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது. எனக்கும் ஒரு ரோல்ஸைக் கையில் திணித்து, “சாப்பிடும் பிள்ளை, இது விளையாட்டுத்தானே” என்றா.

கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டீர்கள். அவருக்குக் கோபமே வரவில்லை அக்கா. தண்டனைக்கு ஒரு கூடு இருக்கிறது, அதற்குள் இரண்டு நிமிடம் இருத்தினார்கள். தண்ணீர் குடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தார். கோபத்தில் செய்திருந்தால்கூட விளங்கிக்கொள்வேன். அவர் சிரிப்பு எப்படி என்றும் கேட்டீர்கள். இதுதான் அது.

முடிந்த பிறகு வந்து என் தோளில் கை போட்டார், சட்டையில் அந்தப் பொடியனின் இரத்தம். “பயந்திட்டீங்களோ? நத்திங் பேர்சனல்” என்றார். அன்ரி படம் எடுத்தா. வீட்டுக்கு வந்து தோளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இந்தச் சம்பந்தம் வேண்டாம் அக்கா. அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.
உங்கள் சிவானி


மவுண்ட் ஆல்பர்ட்
26.7.1998

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரன் என்னைக் கண்டால் இப்போது வேறு பக்கம் பார்க்கிறான்.

உங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் தொலைபேசிக்கு இரண்டு தரம் எடுத்தேன். முதல் தரம் அம்மா வந்து, “வித்தியா குளிக்கிறாள்” என்றா. இரண்டாம் தரமும் குளித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். கொழும்பில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றல்லவா கேள்விப்பட்டேன்?

இராசமலர் அன்ரி இரண்டு ஞாயிறு தொடர்ந்து வந்துவிட்டா. ஒரு தரம் ரோல்ஸ், ஒரு தரம் சேலை. ரோல்ஸைக் குப்பைவாளியில் கொட்டினேன், மூடியைத் திறக்கவே அந்தக் கண்ணாடி ஞாபகம் வருகிறது. சேலையை வாங்கமாட்டேன் என்றேன். கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டா.

லக்ஷ்மிப்ரியா ஒன்று சொன்னாள். “நீ மாப்பிள்ளை பாக்கப் போகலடி. உன்னத்தான் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க.” அவளுக்கு விசர். மூத்தவளுக்குக் கேட்டு வந்த இடம், எங்கள் சனம் அப்படியெல்லாம் செய்யாது என்று சண்டை பிடித்தேன்.

இல்லையா அக்கா? ஒரு வரி எழுதுங்கள்.
சிவானி


வெள்ளவத்தை
2.8.1998

அன்பு மகள் சிவானிக்கு அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தலையில் ஈரம் காயவிட்டு, கவனமாக இருக்க வேண்டும். நாங்கள் பிள்ளையார் புண்ணியத்தில் இருக்கிறோம்.

இராசமலர் எழுதியிருந்தா. உன்னை அவர்களுக்கு நல்ல விருப்பமாம். நீங்கள் இருவரும் ஒரு நாள் கண்டு பழகி, ஒருவருக்கொருவர் பிடித்துக்கொண்டது என்றும் எழுதியிருக்கிறா. வித்தியாவை இங்கிருந்து கூப்பிட்டெடுக்க விசாவுக்குக் காலம் இழுக்குமாம். நீ அங்கேயே நிற்கிறாய். உன் சாதகமும் பொருந்துகிறது.

எனக்கும் முதலில் நெஞ்சு துணுக்கென்றது. மூத்தவளை வைத்துக்கொண்டு இளையவளுக்கா என்று அழுதேன். ஆனால் மகள், இங்கே பஸ்ஸில் போன பிள்ளை வீடு வந்து சேரும்வரை நான் வாசலில் நிற்கிறேன். ஒருத்தியாவது அந்தக் கரையில் நிலையாக இருக்கட்டும். வித்தியாவுக்கு வேறு இடம் பார்க்கலாம்.

உனக்கு விருப்பம் என்றால் எங்களிடமே சொல்லியிருக்கலாம். வெட்கப்பட என்ன இருக்கிறது? வித்தியா ஒன்றும் சொல்லவில்லை. அவள் நல்ல பிள்ளை.
அம்மா


வெள்ளவத்தை
4.8.1998

அன்புள்ள சிவானிக்கு,

அனைவரும் நலம். உன் நலமும் அவ்வாறே ஆகுக.

அம்மா எழுதியிருப்பா. வாழ்த்துகள். எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

உன் ஜூன் மாதக் கடிதமும் அவர்கள் உன்னைக் கேட்டு எழுதிய கடிதமும் ஒரே தபாலில் வந்தன. உன்னுடையதை மறுபடி மறுபடி வாசித்தேன். நன்றாக எழுதியிருந்தாய். எனக்கு வேண்டாம் என்று தோன்றும்படியாகவே எழுதியிருந்தாய்.

வித்தியா


மவுண்ட் ஆல்பர்ட்
19.8.1998

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

என்னைப் பற்றி அப்படி நினைத்தீர்களா? உங்களுக்கு வந்தவரைக் கூடாதென்று எழுதிவிட்டு நான் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன் என்றா? கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய், தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தேன். கம்பளத்தில்தான். அதற்கு இனி என்ன கேடு?

இப்போது எல்லாம் விளங்குகிறது. என்னை ஏன் அவருக்கு நேர் எதிரே இருத்தினா, ஏன் படம் எடுத்தா என்று. களைத்தவளை வெளியே எடு, புதியவளை இறக்கு, ஆட்டம் நிற்கக் கூடாது. அந்த மனுசி அன்றைக்கு என் தொடையில் தட்டிச் சொன்னது முழுக்க உங்களைத்தான். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க எனக்கு என் தொடையே அருவருக்கிறது. அம்மாவும் அதைத்தான் செய்கிறா, அழுதுகொண்டு செய்கிறா.

ஜனார்த்தனை ரயில் நிலையத்துக்கு வரச் சொன்னேன். வந்தார். சுத்தமான சட்டை, நல்ல வாசனை, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் கேட்டது என் அக்காவை என்றேன்.

“இதில என்ன இருக்கு? அக்காவோ தங்கச்சியோ, சேம் ஃபமிலி தானே. உங்களெண்டால் விசா அலுவலும் ஈசி” என்றார்.

கடைக்காரனிடம் வெள்ளைப் பாண் இல்லாவிட்டால் தவிட்டுப் பாண் தாருங்கள் என்பதுபோலச் சொன்னார் அக்கா. கெட்ட எண்ணம்கூட இல்லை. அன்றைக்குப் போல ஒரு சிரிப்பு.

“அண்டைக்குக் கண்ணாடியில விழுந்த பொடியனுக்கு இப்ப எப்பிடி?” என்று கேட்டேன்.

“எந்தப் பொடியன்?” என்றார்.

நடிக்கவில்லை. உண்மையிலேயே நினைவில்லை. சேலையை அவர் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். எனக்கு வேண்டிய ரயில்கூட இல்லை அது.

அம்மாவுக்கும் எழுதிவிட்டேன், மாட்டேன் என்று. அவர்கள் நம்பாவிட்டால் போகட்டும். நீங்கள் நம்பாவிட்டால் நான் என்ன செய்வேன்?
சிவானி


மவுண்ட் ஆல்பர்ட்
20.9.1998

அக்காவுக்கு,

சுகம். சுகமா?

திட்டியாவது எழுதுங்கள்.
சிவானி


வெள்ளவத்தை
4.10.1998

அன்பின் என் மூஞ்சூறுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்றாலும் சுகம்தான்.

நீ ஓகஸ்டில் எழுதியதை வாசித்தேன். நம்ப விருப்பமாக இருந்தது, நம்ப முடியவில்லை. நீ நன்றாக எழுதக்கூடியவள், அதுதான் வில்லங்கம். உன்னுடைய ஒவ்வொரு வரியும் இரண்டு பக்கமும் வெட்டியது. இரவில் ஒரு மாதிரியும் காலையில் ஒரு மாதிரியும் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை இராசநாயகம் மாமாவும் மாமியும் வந்தார்கள். நீ மாட்டேன் என்று எழுதியதை அம்மா பிகு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தா. மாமிக்குக் காட்டுவதற்காக அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து, இராசமலர் கடிதத்தோடு அனுப்பிய படத்தை எடுத்தா. என் கண்ணில் படாமல் இவ்வளவு நாளும் ஒளித்து வைத்திருக்கிறா, பாவம், எனக்கு நோகும் என்று. “பாருங்கோவன், பிள்ளைக்கு எவ்வளவு வெக்கம்” என்று நீட்டினா. நான் தேத்தண்ணியோடு பின்னால் நின்றேன்.

அந்தப் படத்தைப் பார்த்தேன். அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அவர் கை உன் தோளில். சட்டையில் இருந்ததை அம்மா ஏதோ பூவேலை என்று நினைத்திருக்கிறா. உன் கையில் நசிந்துபோன ஒரு ரோல்ஸ். உன் முகம்! மூக்கு மேலே, உதடு கோணல், ஒரு கண் பாதி மூடி, நாடி உள்ளே போய்.

சின்ன வயதில் உனக்கு மீனெண்ணெய் பருக்குவது யார்? நான்தான். அம்மா உன் கையைப் பிடிப்பா, நான் கரண்டியை வைப்பேன். விழுங்கியதும் இந்த முகம் வரும். அடுத்த கணம் என் சட்டையில்தான் சத்தி. இந்த முகத்தை எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதை யாராலும் நடிக்கவும் முடியாது.

தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. மாமி பயந்துவிட்டா. பிறகு அது அழுகையாகிவிட்டது. “அம்மா, இது வெக்கமில்லை. சத்தி வரப்போற முகம்” என்றேன். “குளிருக்கு முகம் அப்பிடித்தான் போகும்” என்றா. அப்பா படத்தை வாங்கிக் கிட்ட வைத்துப் பார்த்தார். “இது எங்கட மூஞ்சூறு மீனெண்ணெய் குடிச்ச மாதிரியெல்லோ” என்றார். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். உன் அகத்தின் அருவருப்பு தெரிந்தது, அது போதும்.

அன்றைக்கே மாசிக்கு எழுதினேன். என் கையெழுத்து, கீழே அப்பாவின் ஒப்பம். எங்கள் வீட்டில் இரண்டு பெண்களும் உங்கள் மகனுக்கு இல்லை, படத்துக்கு நன்றி, படம் எங்களிடமே இருக்கட்டும் என்று. அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாத்திரியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார், துடைக்கட்டும்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை என்று எழுதினேனே, அது பொய். வாயை மூடிக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தை என் தலையணைக்குக் கீழ் வைத்திருந்தேன். ஆடி மாதம் குளிரும் என்று வரைபடத்தில் பார்த்த அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு கம்பளிச் சட்டை வாங்கினேன். யாருக்கும் காட்டவில்லை. அதில் எனக்குக் கோபம் வருகிறது, என் மேல்தான். அந்தச் சட்டையை நினைத்துத்தான் உன்னைச் சந்தேகப்பட்டேன்.

இத்துடன் அதை அனுப்புகிறேன். பச்சை நிறம், கழுத்தில் கொஞ்சம் கடிக்கும். போட்டுப் பார். நன்றாக இருக்கிறது என்று எழுதாதே, இனி உன் எழுத்தை நம்பமாட்டேன். லக்ஷ்மிப்ரியாவிடம் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்பு. முகத்தைப் பார்த்து நானே தெரிந்துகொள்கிறேன்.

உன் அக்கா